அசேலியாவை அழிப்பது வெயில் அல்ல, போர் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்ததும் ஓசூர், பாகலூர், தளி சாலை நர்சரிகளில் அசேலியாத் தொட்டிகள் வந்து இறங்குகின்றன. ஒரு முழம்கூட இல்லாத குட்டைச் செடி, இலையே தெரியாத அளவுக்குப் பூ. பார்த்தவர்கள் ஆசையாக வாங்கிப் போகிறார்கள். சித்திரைக்குள் அவற்றில் மிகப் பல மஞ்சளாகி, இலை நுனி கருகி, வெறும் குச்சியாகிவிடுகின்றன. "ஊட்டிச் செடி, நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது" என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியிலும் அண்மையில் அதே காரணம் சொல்லப்பட்டிருந்தது. செம்மண், மணல், தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நட்டு, முழு நிழலில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் ஊற்றும்படி யோசனையும் வந்திருந்தது. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் அந்தக் கலவை நல்லது. அசேலியாவை அது நான்கே மாதத்தில் முடித்துவிடும். வெயிலுக்கு இதில் சிறு பங்குதான். பெரும் பங்கு நாம் ஊற்றும் போர் தண்ணீருக்கு, அதாவது ஆழ்துளைக் கிணற்று நீருக்கு.

முதலில் எந்த ஊருக்கு ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம், தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலை ஆகிய இடங்களில் அசேலியாவைத் தாராளமாக வளர்க்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்கள் ஓசூரின் உயரத்தில் ஏறத்தாழப் பாதிதான். அங்கே கோடை இரவும் புழுங்கும். பகல் வெப்பத்தைக்கூட நிழல்வலை கொண்டு தணிக்கலாம், இரவு வெப்பத்துக்கு வழியில்லை. அங்குள்ள வாசகர்கள் இந்தச் செடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுத்து ரகம். அசேலியாவும் ரோடோடென்ட்ரான் இனமே. நீலகிரி உச்சிகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு அதன் உறவு. பசுமை மாறா அசேலியாக்களின் தாயகம் ஜப்பானும் சீனாவும் தைவானும். ரோடோடென்ட்ரான் இண்டிகம் என்ற பெயரைப் பார்த்து இந்தியச் செடி என்று எண்ணிவிடக் கூடாது, அது ஜப்பான் மலைகளில் விளைவது. குளிர்நாட்டுத் தோட்டங்களில் குட்டை அசேலியா என்று விரும்பி நடப்படுபவை பெரும்பாலும் குருமே வகை. கியூஷு தீவிலுள்ள குருமே நகரின் பெயர் அது. சின்ன இலை, சின்னப் பூ, இயல்பிலேயே அடர்ந்த வளர்ச்சி. பனி விழுந்தாலும் தாங்கும். ஆனால் மொக்கு ஒரே சீராக விரிய அதற்கு நல்ல குளிர் தேவை. ஓசூரின் மார்கழிக் குளிர் போதாமல் இங்கே இரண்டு கிளையில் பூ, நான்கு கிளையில் வெறும் மொக்கு என்று நிற்கும். ரோடோடென்ட்ரான் சிம்சி என்ற வகையிலிருந்து வந்த 'இந்திய அசேலியா' எனப்படும் தொட்டி ரகங்கள் வேறு மாதிரி. இவற்றை ஐரோப்பாவில், குறிப்பாக பெல்ஜியத்தின் கென்ட் நகரச் சுற்றுப்புறத்தில், கண்ணாடிக் கூடங்களில் வளர்க்கிறார்கள். உறைபனி இவற்றுக்கு ஆகாது. அங்கே வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றும் செடிதான் நமக்குத் தோட்டச் செடி. பெரிய பூ, அடுக்குப் பூ உள்ள ரகமாகப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும்.

இன்னொன்றையும் வாங்குபவர்கள் அறிய வேண்டும். கடையில் குட்டையாக நிற்கும் எல்லாச் செடியும் பிறவியிலேயே குட்டை அல்ல. பல செடிகளுக்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து, பாக்ளோபியூட்ரசால் போன்றது, தெளித்திருப்பார்கள். மருந்தின் வேகம் குறைந்ததும் கணுவிடை நீண்டு செடி உயரும். இது நோயல்ல. நுனி கிள்ளிவிட்டு வந்தால் அடர்த்தி திரும்பும்.

இனித் தண்ணீர். அசேலியா புளித்த மண்ணில், அதாவது அமில மண்ணில், வாழும் செடி. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; 7க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு, மேலே போனால் காரம். மண்ணின் பி.எச். 5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது, 6 கடைசி எல்லை. அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நம் செம்மண்ணின் நிறமே இரும்பினால் வந்ததுதான், அதில் நட்டும் செடி இரும்புச்சத்து இல்லாமல் வெளுக்கும். இளந்தளிரில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் அது இரும்புப் பற்றாக்குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலையில் அதே கோலம் தெரிந்தால் மக்னீசியம். முதிர்ந்த இலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்து. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மஞ்சள் கண்டவுடன் உரம் போடுவது வழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே உப்பேறிய தொட்டியில் மேலும் உப்பு சேருவதுதான் மிச்சம்.

மண்ணை எவ்வளவு புளிக்கவைத்தாலும் ஊற்றும் நீர் அதை மாற்றிவிடும். நம் மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுதி. ஒவ்வொரு வாளியும் தொட்டிக்குள் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவதற்குச் சமம். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், வாளியில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீர் எதுவும் இதற்கு ஆகாது என்பது எளிதில் புரியும். ஆனால் பருப்பு நன்றாகக் குழைந்தால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளின் நிலத்தடி நீர் பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் வகை. சமையல் சோடா போட்டதுபோல் அதில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், நாக்குக்கும் கடினம் தெரியாது. அசேலியாவுக்கோ அது கடினநீரைவிட மோசம், சோடியமும் சேர்ந்து வேரைக் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இரு மாவட்டங்களிலும் இந்தச் சிக்கல் எவ்வளவு பரவலானது என்று விளங்கும்.

ஆகவே செடி வாங்கும் முன் நீரைச் சோதிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். அறிக்கையில் எல்லோரும் டி.டி.எஸ். எண்ணைத்தான், அதாவது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான், பார்க்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது 'மொத்தக் காரத்தன்மை'. லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலை இல்லை. 100 வரை இருந்தால் அமிலத் தன்மையுள்ள உரம் கொடுத்துச் சமாளிக்கலாம். 150ஐத் தாண்டினால் அந்த நீரை அப்படியே ஊற்றக் கூடாது.

மழைநீர்தான் சிறந்த வழி, அதற்குப் பெரிய ஏற்பாடும் வேண்டியதில்லை. 1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையைக் கழுவ விட்டு, சிதறலையும் கழித்தால் 700 லிட்டராவது பிடிக்கலாம். எட்டு அங்குலத் தொட்டிச் செடிக்குக் கோடையில் நாளொன்றுக்கு அரை லிட்டர் என்று கொண்டால், பத்துத் தொட்டிக்கு நான்கு மாதத்துக்கு 600 லிட்டர். ஐப்பசி மழையில் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டை நிரப்பி மூடி வைத்தால் மாசி முதல் வைகாசி வரை போதும். புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் சேர்த்தால் சிமெண்டின் காரம் நீரில் இறங்கும், பட்ட பாடெல்லாம் வீண். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டித் தரும் நீர் ஆகும், அது வெளியே தள்ளும் கழிவு நீர் மட்டும் கூடவே கூடாது. போர் தண்ணீரின் உப்பெல்லாம் செறிந்து நிற்பது அதில்தான். 'வீணாகிறதே' என்று அதைச் செடிக்கு ஊற்றுவது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. உப்பை மாற்றித் தரும் சாஃப்ட்னர் நீரும் அப்படியே. கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது, காரம் குறைவதில்லை.

மழைநீர் தீர்ந்துபோனால் சிட்ரிக் அமிலம் கைகொடுக்கும். காரத்தன்மை 300 உள்ள நீருக்கு 10 லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் தேவைப்படும். முதலில் 3 கிராம் கரைத்து, கலக்கி, அரைமணி நேரம் கழித்து பி.எச். தாளில் பார்க்க வேண்டும். 5.5க்கும் 6க்கும் இடையில் நின்றால் போதும். குறைந்த காரமுள்ள நீருக்கு இதே அளவைப் போட்டால் வேர் பொசுங்கும் என்பதால் ஒவ்வொரு வீட்டு நீருக்கும் தனியாக அளவு கட்ட வேண்டும். பேட்டரி அமிலத்தை ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து, அளவு ஒரு சொட்டுத் தவறினாலும் செடி போய்விடும்.

மண் கலவைக்கு வருவோம். அசேலியாவின் வேர் தலைமுடி போல மெல்லியது, மேல் அரை அடிக்குள்ளேயே படரும். ஆழத்தில் போய் நீர் தேடாது, காற்றில்லாத இடத்தில் அழுகும். களிமண்ணோ நைசான எம்-சாண்டோ இதற்கு ஆகாது. ஊறிய தென்னைநார்க் கழிவு 4 பங்கு, பாதி மட்கிய சவுக்குச் சருகோ சில்வர் ஓக் இலையோ 3 பங்கு, மட்கிய மரப்பட்டைத் துண்டு 2 பங்கு, 3 முதல் 6 மில்லிமீட்டர் கருங்கல் பொடிச் சில்லி 1 பங்கு. இதில் செம்மண்ணே இல்லை என்று வியக்க வேண்டாம், தேவையில்லை. தைல மர இலையைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது, மற்றச் செடிகளின் வேரைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. சாம்பல், எலும்புத்தூள், முட்டை ஓடு, கோழி எரு நான்கும் விலக்கு. நான்குமே காரத்தை ஏற்றும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரோரத் தொட்டிகளைத் தள்ளி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தென்னைநார்க் கழிவை அப்படியே பயன்படுத்தி இழந்தவர்கள் பலர். அதில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும், வெறும் நீரில் அலசினால் முழுவதும் போகாது. 5 கிலோ கட்டியை ஊறவிட்டால் 60 லிட்டருக்கு மேல் பெருகும். இரண்டு முறை நல்ல நீரில் அலசியபின், 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 25 லிட்டர் நீரில் கரைத்து அதில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். கால்சியம் போய் சோடியத்தை வெளியே தள்ளும். மறுநாள் வடித்து மீண்டும் ஒரு முறை அலச வேண்டும். சுண்ணாம்பு போல இது காரத்தை ஏற்றுவதில்லை. பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள், வீட்டுத் தோட்டக்காரர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

நடும்போது நடக்கும் தவறு ஒன்று மிகப் பொதுவானது. கடைச் செடியின் வேருருண்டை ஒரு முறை காய்ந்துவிட்டால் நீரை ஏற்காது. மேலே ஊற்றுவது ஓரமாக வழிந்து கீழே போய்விடும், தொட்டி ஈரமாகத் தெரியும், உருண்டையின் நடு வறண்டே இருக்கும். ஆகவே வாங்கி வந்தவுடன் தொட்டியோடு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை, அரைமணி நேரமாவது, வைக்க வேண்டும். பிறகு எடுத்து, உருண்டையின் பக்கங்களில் கத்தியால் மூன்று நான்கு இடங்களில் ஒரு செ.மீ. ஆழத்துக்கு மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர் அப்போதுதான் வெளியே வரும். பழைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டும் பெரிய, அகலமான, ஆழம் குறைந்த தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் தொடாத கலவை ஈரத்திலேயே கிடந்து கெட்டுப்போகும்.

தரையில் நடுவோர் குழி தோண்டக் கூடாது. நம் கெட்டிச் செம்மண்ணில் குழி என்பது அடியில் ஓட்டையில்லாத வாளி. மழைக்காலத்தில் நீர் தேங்கி பைட்டாப்தோரா என்ற நோய்க்கிருமி வேரைத் தின்னும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டால், வேரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தால் அந்த நோய்தான். அதற்குப் பிறகு மருந்தால் மீட்பது அரிது. தரைக்கு மேல் ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி எழுப்பி அதன்மேல் நட வேண்டும். உருண்டையின் மேல்பரப்பு பாத்தி மட்டத்தைவிட 3 செ.மீ. உயர்ந்து நிற்கட்டும். குட்டை ரகங்களுக்கு இரண்டரை அடி இடைவெளி போதும். ஓடைக்கல் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த மண்ணா என்று முன்பே பாருங்கள். ஒரு கைப்பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குமானால் அது சுண்ணாம்பு மண், தரையில் நடும் எண்ணத்தை விட்டுத் தொட்டிக்கு மாறுவது நல்லது. பொங்காத, பி.எச். 6.5 அளவிலுள்ள மண்ணில், நடுவதற்கு மூன்று மாதம் முன்பே சதுர மீட்டருக்கு 60 முதல் 80 கிராம் கந்தகப் பொடியைக் கலந்து ஈரம் காத்தால் பி.எச். சுமார் ஓர் அலகு இறங்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக்க அவ்வளவு காலம் ஆகும். மண் பரிசோதனைக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையமும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன.

நட்டபின் அடியில் களைக்கொத்து படவே கூடாது, வேர் மேலாகவே இருக்கிறது. களையைக் கையால் பிடுங்கி, சவுக்குச் சருகை இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டால் போதும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் அவசியம் வேண்டும். முழு நிழலில் இலை செழிக்கும், மொக்கு கட்டாது. மேற்கு வெயில் படாத கிழக்குத் தாழ்வாரமே நல்ல இடம். மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை 50 சத நிழல்வலை போதும். தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். நனைத்தவுடன் ஒரு முறை தொட்டியைத் தூக்கிக் கனம் அறிந்துகொண்டு, அந்தக் கனம் பாதியாகத் தோன்றும்போது ஊற்ற வேண்டும்.

உரம் மிகக் குறைவாகத்தான். பூத்து முடிந்ததும் தொடங்கி ஆடி வரை, அம்மோனியம் சல்பேட் லிட்டருக்கு 1 கிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஈரமான கலவையில். பொட்டாஷ் தேவையானால் சல்பேட் வடிவில், மியூரியேட் வேண்டாம். தளிர் வெளுத்தால் பெரஸ் சல்பேட் 2 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் ஒரு லிட்டரில் கரைத்து மாலையில் தெளிக்கலாம், பூவில் பட்டால் கறையாகும். வேரில் ஊற்ற வேண்டுமானால் இரும்பு செலேட் (வேர் எடுக்கும் வடிவில் பிணைத்த இரும்பு) வாங்கும்போது பொட்டலத்தைப் படியுங்கள். இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5க்கு மேல் பயனற்றுப் போகும். இ.டி.டி.எச்.ஏ. வகைதான் கார மண்ணிலும் வேலை செய்யும், விலையும் அதிகம். நீரைச் சரிசெய்யாமல் இதை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் மூன்று மாதத்தில் மஞ்சள் திரும்பி வரும்.

கவாத்துக்குக் காலம் முக்கியம். அடுத்த ஆண்டுப் பூ இந்த ஆண்டுத் தளிரின் நுனியில், ஆவணி, புரட்டாசியிலேயே மொக்காக உருவாகிவிடுகிறது. ஆயுத பூஜைக்குத் தோட்டத்தைச் சீராக்குகிறோம் என்று கத்தரித்தால் பூ அத்தனையும் போய்விடும். பூ உதிர்ந்த மூன்று வாரத்துக்குள் கத்தரித்து, ஆனி வரை நுனி கிள்ளி, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மார்கழியில் குளிர் குறைவான ஆண்டுகளில் மொக்கைச் சுற்றி மூன்று நான்கு தளிர் எழும்பி அதை முந்திக்கொள்ளும், மொக்கு பழுத்து உதிரும். அந்தத் தளிர்களை நகத்தால் பக்கவாட்டில் சாய்த்து ஒடித்துவிட்டால் மொக்கு தப்பும். மழைக்காலக் கடைசியில் உள்பக்க இலைகள் மஞ்சளாகி விழுவது இயல்பு. பசுமை மாறாச் செடியானாலும் வசந்தத்தில் விட்ட இலையை அது ஆண்டுக் கடைசியில் உதிர்த்துவிடும், நுனி இலை பச்சையாக இருந்தால் பயமில்லை.

பூச்சியில் இங்கே தொல்லை தருவது ரோஜாத் தோட்டங்களிலிருந்து வரும் சிவப்புச் சிலந்தி. இலை மேல் வெளிர்ப் புள்ளி, அடியில் நூலாம்படை தெரிந்தால் மூன்று நாளுக்கு ஒரு முறை இலையின் அடிப்பக்கம் நீரைப் பீச்சினாலே பாதி குறையும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்தபின். எண்ணெய் மருந்து தெளித்த மூன்று வாரத்துக்குள் கந்தகம் தெளித்தால் இலை கருகும். இலை தடித்து வெளிறி வீங்கினால் அது கொப்புளப் பூஞ்சை. வெள்ளை மாவு படியும் முன்பே கிள்ளி எரித்துவிடுங்கள், மருந்து வேண்டாம்.

ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அசேலியாவின் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. சில இலைகளே ஆட்டை நுரைகக்கித் தள்ளாடச் செய்யும், கூடினால் உயிர் போகும். கவாத்து செய்த கிளைகளைத் தெருவோரம் போடாமல் குழியில் புதைக்க வேண்டும்.

நர்சரி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. அசேலியாத் தொட்டியில் விலைச்சீட்டு கட்டும்போது 'மழைநீர் ஊற்றவும், சுண்ணாம்பும் சாம்பலும் வேண்டாம், பூத்தபின் மட்டும் கத்தரிக்கவும்' என்று தமிழில் மூன்று வரி சேர்த்துக் கட்டுங்கள். தாங்களும் இந்தக் கடிதத்தை, முழுவதும் இல்லாவிட்டாலும் தண்ணீர் பற்றிய பகுதியையாவது, ஐப்பசி மழைக்கு முன் வெளியிட்டால் தொட்டி நிரப்ப நினைப்பவர்களுக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
மலர்ச்செடி வளர்ப்போர் சிலர்,
தளி சாலை, ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.